வலிப்புக்கு வைத்த சாவி

வெள்ளிமலைப் பக்கம்
28.10.1987

செல்விக்குத் தனசேகரன் எழுதுவது.

இந்தக் கடிதம் ராசு மாமனின் கடுக்காய் மூட்டைக்குள் மலை இறங்கி, உன் அண்ணன் அய்யனாரின் சைக்கிள் கடைக்கு வந்து, அங்கிருந்து உன் கைக்கு வரும். நான் ஒளிந்திருக்கும் ஊர்ப் பெயரை எழுதவில்லை. எந்தப் போலீஸ்காரனும் கடுக்காயைக் கொட்டிப் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும் பயம். மலைமேல் ஜீப் சத்தம் கேட்டால் போதும், மரவள்ளிக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன். நேற்று வந்தது ரேஷன் அரிசி வண்டி. அதற்கும் படுத்தேன். ராசு மாமன் வீட்டுக் கோழிகளுக்குக்கூட என்னைப் பார்த்தால் இளக்காரம்.

மறியலுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. படிப்பிலும் வேலையிலும் நமக்கொரு பங்கு வேண்டும் என்றுதான் ரோட்டில் உட்கார்ந்தோம். ஆனால் அந்தப் புளியமரத்தில் முதல் வெட்டு என்னுடையது. நான் மரத்தைச் சாய்த்துவிட்டு ஓடி ஒளிந்த அதே வாரத்தில், நீ நிறைமாத வயிற்றோடு மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். மரம் குறுக்கே கிடந்ததால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்று மனசு அடித்துக்கொள்கிறது. பெற்ற மகளை இன்னும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன் அப்பா உங்கள் இருவரையும் நேராகச் சங்கராபுரத்துக்கே அழைத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சந்தையில் ராசு மாமனைப் பிடித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "அவளுக்குக் காக்கா வலிப்பு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். கை கால் இழுத்துக்கினு, வாயில நொரை தள்ளி, கண்ணு மேல சொருகிக்கிச்சு. என் சாவிக்கொத்த அவ கையில வெச்சப்புறந்தான் அடங்குச்சு. மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க" என்று. தை மாதம் பஞ்சாயத்துக் கூட்டி நம் உறவைத் தீர்த்துவிடப் போகிறார்களாம்.

கோபப்படாதே. சின்ன வயதில் உனக்கு வலிப்பு வந்ததுண்டா? உண்டென்றால் உண்டென்று சொல். அதற்காக நான் உன்னைத் தள்ளிவிட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏமாந்த சோணகிரி என்று ஊர் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

சொல்ல மறந்தேன். அம்மா அந்தச் சாவிக்கொத்தைக் கேட்கிறாள். நெல் அறையைத் திறக்க முடியவில்லையாம். பூட்டை உடைத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று, கூரை ஓட்டைப் பிரித்து மேலிருந்து இறங்கி நெல் அள்ளுகிறார்களாம்.

தனசேகரன்

*

சங்கராபுரம்
6.11.1987

மாமாவுக்கு,

கடுக்காய் நாற்றத்தோடு உங்கள் கடிதம் வந்தது. பிழைத்து எழுந்தவளிடம் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "தள்ளிவிட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை, வயலில் வந்ததில்லை, உங்களோடு வாழ்ந்த வீட்டில் வந்ததில்லை. அந்த ஒரு நாள் வந்தது. அதன்பின் இன்றுவரை வரவில்லை.

புளியமரத்தை விடுங்கள். வண்டி கரும்புக் கொல்லைக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு ரோடு ஏறிவிட்டது. வண்டிக்காரர் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு வந்த நோய்க்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. மரத்துக்காகப் போலீஸுக்குப் பதில் சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வேண்டிய பதில் வேறு இருக்கிறது.

ஆனி மாதம் நடந்த வளைகாப்பை நினைத்துப் பாருங்கள். என் சித்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பொண்ணு இன்னாடி இப்டி எளைச்சுட்டா" என்றார். அத்தைக்கு எங்கே பட்டதோ, தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றுவிட்டார். "எங்க வூட்டுச் சோறு இன்னா சோறுன்னு காட்டிட்டு அனுப்பறேன்" என்றார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பாத மாமியார் நம் பக்கத்தில் உண்டா? நீங்கள் நடுவில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

ஆவணி பிறந்ததும் என் முகம் உப்பியது. விரல் மோதிரம் கழலவில்லை. கை வீங்கி, வளைகாப்பு வளையல் ஓசையில்லாமல் போயிற்று. அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தண்ணிக்குப் போகிறவளையெல்லாம் வாசலில் நிறுத்தி, "என் மருமவளப் பாரு, எப்டித் தேறிட்டா" என்று என் முகவாயைத் திருப்பிக் காட்டினார். நீங்கள் கன்னத்தைக் கிள்ளிப் 'பன்னு' என்று பெயர் வைத்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் சித்தி வந்து பார்க்கட்டும் என்று நானே நினைத்தேன்.

பிறகு தலைவலி வந்தது. அத்தை சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார். கண்ணுக்கு முன்னால் பட்டப்பகலில் மின்மினி பறந்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றினார். நெஞ்சுக்குக் கீழே, மேல் வயிற்றில் குத்து வலி வந்தது. கொழந்தை ஒதைக்குது என்றார். அத்தை எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, மாமா. அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தார், கால் பிடித்துவிட்டார். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாம். வாரம் தவறாமல் உங்கள் ஊர் மணலூர்பேட்டைக்கு நர்ஸ் வந்துகொண்டுதான் இருந்தார். "தேறினவளுக்கு இன்னாத்துக்கு நர்ஸு" என்று அத்தைதான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது, கையில் வைத்தபடியே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. அதை அத்தை என்னிடம் கேட்கட்டும்.

செந்தமிழ்ச்செல்வி

*

வெள்ளிமலைப் பக்கம்
19.11.1987

செல்விக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? பாப்பா எப்படி இருக்கிறாள்? கேட்டுவிட்டேன்.

மீசையைத் தடவினேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கும் உன் சித்திக்கும் நடுவில் வாயைத் திறந்தால் மீசைகூட மிஞ்சாது. அது உனக்கும் தெரியும்.

நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. வீக்கத்துக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்? மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கால் வீங்காதா? இங்கேயே ராசு மாமனின் மகள் சின்னப்பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டு மாதம். வந்தபோது ஒல்லியாக இருந்தவள், இப்போது முகம் நிலா மாதிரி இருக்கிறது. இடுப்பில் கட்டுகிற கயிறு எட்டவில்லை, கையில் போட்ட காப்பு இறங்கவில்லை என்று அவள் அம்மா சிரிக்கிறாள். காலையில் எழுந்தால் கண்ணே திறக்க முடியாதபடி உப்பியிருக்கிறாள். அவளுக்கு என்ன வலிப்பா வந்துவிட்டது? நன்றாகத்தானே நடமாடுகிறாள்.

உன்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. பஞ்சாயத்தில் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி அனுப்பு. இது காக்கா வலிப்பு இல்லை என்று ஒரு வரி இருந்தால் போதும், நான் எழுந்து பேசுவேன்.

இன்னொன்றை மறைத்தால் பிறகு தெரிந்து நீ சண்டை போடுவாய். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு பெண்ணை அம்மா பார்த்து வைத்திருக்கிறாளாம். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே ஒரு நிலையில் உட்கார முடியவில்லை, செல்வி. கிழங்கு பிடுங்கினால் பாதியில் எழுந்து போகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

தனசேகரன்

*

சங்கராபுரம்
27.11.1987

மாமாவுக்கு,

ரிஷிவந்தியத்துப் பெண்ணைப் பற்றி எனக்கு எழுத நிறைய இருந்தது. காகிதமும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் சின்னப்பொண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அது காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் விஷயத்தை முதலில் எழுதுகிறேன். உங்களைத் திட்டுவது எங்கே போய்விடும்?

அந்தப் பெண்ணிடம் இப்போதே போய்க் கேளுங்கள். தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, பூச்சி பறக்கிறதா, மேல் வயிற்றில் வலிக்கிறதா? கால் வீக்கம் எல்லாருக்கும் வரும். முகமும் கையும் சட்டென்று உப்பினால் அது சதை இல்லை, நீர். எனக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் ரெஜினா நர்ஸ் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். இது கர்ப்பத்தில் வருகிற ரத்தக் கொதிப்பு. இன்ன காரணம் என்று டாக்டர்களாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லையாம், வயிற்றில் இருக்கும் நச்சுக்கொடியில் தொடங்குகிறதாம். தலைப்பிரசவக்காரிகளுக்கு ஜாஸ்தி. சோறு கம்மியானதாலும் வராது, ஜாஸ்தியானதாலும் வராது. எங்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடந்த சண்டைக்கு அந்த நோய் காது கொடுக்கவே இல்லை. கொதிப்பு ஏறி ஏறி மூளைக்குப் போனால் வலிப்பு. அப்போது தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். பிரசவம் ஆனால்தான் இறங்கத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் இறங்கியது.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மலையில் பட்டைக்கு எங்கே போவீர்கள்? ரெஜினா நர்ஸ் இன்னொன்றும் செய்தார். என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, விளக்கில் மேல்பாகத்தைச் சூடு காட்டினார். முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெள்ளையாகத் திரிந்தது. ஏதோ புளிப்பான திராவகம் சொட்டு விட்டார், அப்போதும் கரையவில்லை. "பாத்தியா செல்வி, ஒடம்புல நிக்க வேண்டிய சத்து வெளிய ஓடுது" என்றார். திரிந்தாலும் திரியாவிட்டாலும், தலைவலியோ மின்மினியோ இருந்தால் ஒரு நாழிகைகூட வைத்திருக்காதீர்கள். கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது என் விஷயம். சீட்டு வாங்க மாட்டேன். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் டாக்டர் கையெழுத்தை நம்பி என்னோடு வாழ்கிறவர் எனக்கு வேண்டாம். எனக்கு எதிராகப் போகக்கூடியதையும் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த பிள்ளைக்கும் இது வரலாம். வராமலும் போகலாம். மாசமானது தெரிந்த நாளிலிருந்தே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பஞ்சாயத்தில் சொன்னால் அத்தைக்குக் கொண்டாட்டம். சொல்லிக்கொள்ளட்டும்.

ரிஷிவந்தியத்துப் பெண்ணுக்கும் ஒரு நாள் வயிறு வரும், முகம் உப்பும். நீங்கள் பன்னு என்பீர்கள்.

செந்தமிழ்ச்செல்வி

*

கச்சிராயபாளையம்
5.12.1987

செல்விக்கு,

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் கம்பளித் தொட்டிலில் சின்னப்பொண்ணு கிடக்கிறாள். மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். என் தோளில் தோல் இல்லை. ராசு மாமன் வண்டி பிடிக்கப் போயிருக்கிறார். கிடைக்கும்வரை எனக்குக் கை சும்மா இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. படித்துவிட்டு நேராகப் போய்ச் சின்னப்பொண்ணைக் கேட்டேன். மூன்று நாளாகத் தலைவலி, யாரிடமும் சொல்லவில்லை. "பூச்சி பறக்குதா" என்றேன். "ஒங்களுக்கு எப்டித் தெரியும்" என்றாள். உடனே மலை இறக்க வேண்டும் என்று ராசு மாமனிடம் ஓடினேன்.

ராசு மாமன் கேட்கவில்லை. "எம்மவ நல்லாச் சாப்பிட்டுக்கினு தேறி வர்றா, ஒனக்கு இன்னா பொறாமை" என்றார். அப்போதுதான் மூத்திரத்தைக் கேட்டேன். ஒளிந்து பிழைக்க வந்தவன் வீட்டுக்காரரிடம் மகளின் மூத்திரத்தைக் கேட்டால் என்ன ஆகும்? கிழங்கு வெட்டுகிற கத்தியை எடுத்துவிட்டார். நான் கொல்லையைச் சுற்றி ஓடினேன். போலீஸுக்குக்கூட அப்படி ஓடியதில்லை. கடைசியில் சின்னப்பொண்ணின் அம்மாதான், "மூத்தரந்தான கேக்கறான், சொத்தையா கேட்டான்" என்று ஒரு பழைய ஊசிமருந்துப் புட்டியில் கொண்டுவந்து வைத்தாள்.

கம்பியால் புட்டிக் கழுத்தைக் கட்டி, சிம்னி விளக்குக்கு மேல் பிடித்தேன். குடும்பமே சுற்றி நின்றது. நீ சொன்ன மாதிரியே வெள்ளையாகத் திரண்டது. திராவகத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கரையவில்லை. ராசு மாமன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மூங்கில் வெட்டப் போய்விட்டார்.

செல்வி, அந்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. என் விரலால் கிள்ளிய கன்னம். நான் கிள்ளிய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது ஞாபகம் வருகிறது. நான் சிரித்தேன்.

நீ சொன்னது அத்தனையும் நிஜம். உனக்கு வந்தது காக்கா வலிப்பு இல்லை. ரிஷிவந்தியத்துக்குப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே வாசலில் எந்நேரமும் போலீஸ் உண்டு. மரம் வெட்டின கேசில் என் பெயர் முதலில் இருக்கிறது. ராசு மாமன் இங்கேயே நின்றுவிடச் சொல்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொல்வார்? மகள் தேறிவிட்டாள் என்பார். தலைவலி, மின்மினி, மேல் வயிறு எல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்குத்தான் தெரியும். நீ சொல்லிக் கொடுத்ததுதானே.

வண்டி வந்துவிட்டது.

தனசேகரன்

*

சங்கராபுரம்
24.1.1988

மாமாவுக்கு,

இதை முதலில் படிக்கப்போகிற ஜெயில் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். குடும்ப விஷயம்தான், சீக்கிரம் படித்துக் கொடுத்துவிடுங்கள்.

சின்னப்பொண்ணைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கே ஊசி போட்டு, கொதிப்பை இறக்கி, பிள்ளையை எடுத்துவிட்டார்கள். வலிப்பு வரவே இல்லை. ஆண் குழந்தை, என் உள்ளங்கை அகலம்தான் இருக்கிறான், ஆனால் தொண்டை பெரிது. "அந்த அண்ணன் டாக்டருகிட்ட எல்லாத்தையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் போலீஸ்காரரு பக்கத்துல நின்னுக்கினே இருந்தாரு. அப்புறம் கையப் புடிச்சாரு" என்று சின்னப்பொண்ணு சொல்லி அழுதாள். ஓடியிருக்கலாம், நீங்கள் ஓடவில்லை. அதற்காக உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து எழுதப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிலில் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

என்னை நம்ப உங்களுக்கு இன்னொருத்தியின் மூத்திரம் திரிய வேண்டியிருந்தது. நான் பொய் சொல்கிறவளா என்று இரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் உங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் புட்டி தெளிவாகவே இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? இந்தக் கேள்வி எனக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பால் கொடுக்கும்போதும் ஓடுகிறது.

பொங்கல் முடிந்து இங்கே சங்கராபுரத்திலேயே பஞ்சாயத்து நடந்தது. நானே போனேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. நீங்கள் சொல்லி அனுப்பியது அத்தைக்கு வந்து சேர்ந்திருந்தது. "என் புள்ளக்கி ஜெயில்ல புத்தி கலங்கிடுச்சு" என்றார். பெரியவர் பூமாலைதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். மாசமாக இருக்கும்போது மட்டும் வருகிற வலிப்பு என்று நான் சொன்னதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வலிப்பு வலிப்புதான் என்றார்கள். கடைசியில் பூமாலை, "செரிம்மா, அவங்க வூட்டுச் சாவியக் குடுத்துடு. அப்புறம் மத்தது பேசலாம்" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டு உறவு முடிந்தது என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அத்தை கையை நீட்டிவிட்டார்.

எனக்கு அப்போது எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "சாவிய நான் எடுக்கலீங்க. வலிப்புக்காரி கையில இரும்பு இருக்கணும்னு அத்தைதான் வெச்சாங்க. எனக்கு இருக்கறது காக்கா வலிப்புன்னா, அது எப்ப வருமோ தெரியாது, இந்த இரும்பு என் கையிலயே இருக்கணும். இல்ல, அந்த நோயி எனக்கு இல்லைன்னு அத்தை சொல்லட்டும். இப்பவே குடுத்துடறேன்" என்றேன்.

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பூமாலை அத்தையைப் பார்த்தார். "இன்னா பச்சையம்மா, நோயி இருக்குதா, இல்லியா? ஒண்ணு சொல்லு" என்றார். அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை. என் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார். பிறகு, நீட்டிய கை நீட்டியபடியே என் பக்கம் வந்து, பாப்பாவின் மூக்கைத் தொட்டது. "என் மவன் மூக்கு" என்றார். தீர்ப்பு எதுவும் சொல்லாமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பூமாலை எழுந்துவிட்டார். அத்தை பஸ் ஏறும்வரை என்னோடு பேசவில்லை. ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார், "இப்ப கை வீக்கமெல்லாம் வடிஞ்சிடுச்சா" என்று. வடிந்துவிட்டது என்று வளையலை ஆட்டிக் காட்டினேன்.

அதனால் நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இருவர் மேலும். நீங்கள் வெளியே வந்ததும் மணலூர்பேட்டைக்கு ஓட வேண்டாம். வீடு திறந்திருக்கும், நெல் அறை பூட்டியிருக்கும். கூரை வழியாக இறங்கிப் பழகியவர்கள் இறங்கிக்கொள்ளட்டும். நீங்கள் சங்கராபுரம் வந்து, சைக்கிள் கடைக்கு எதிரில் இருக்கிற எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்தப் புட்டி தெளிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பேன். யோசித்துவிட்டு வாருங்கள். சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

செந்தமிழ்ச்செல்வி